இடச்சுற்றாக வந்த பல்லக்கு

நெடுவிளாகத்துக்கு அரசர் வரப்போகிறார் என்ற சேதி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினோரு வீட்டு வாசல்களில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், மஞ்சள் தடவிய ஓலையாகக் கிடந்தது. அரசர் தம் சிற்றரசர்களைக் காண உலா வருகிறார், மூன்று நாளைக்கு ஒரு வீடு, உச்சிப் பொழுதில் பந்தி தயாராக இருக்கட்டும் என்று அதில் எழுதியிருந்தது. கீழே, மாதுளம்பழத்தைக் கடிக்கும் அணில் ஒன்று அரக்கு முத்திரையாகப் பதிந்திருந்தது. இந்தக் காலத்தில் ஏது அரசர் என்று ஊரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, கேட்கிற ஊரா அது? யாருக்கு ஓலை வந்தது, யாருக்கு வரவில்லை, அந்த வீட்டுக்கு வந்தது நம் வீட்டுக்கு ஏன் வரவில்லை, இதுதான் அன்று முழுக்கப் பேச்சு, ரேஷன் கடை வரிசையில் இரண்டு பெண்கள் இதற்காகவே முடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

உலகம்மாள் மட்டும் முத்திரையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள். அந்த அணிலை அவள்தான் தேர்ந்தெடுத்தாள்.

கீழ ரத வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்து, சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிறவள் அவள். நாற்பது வயது, வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். சர்வர் வேலை செய்யாத மத்தியானங்களில் என்ன செய்வாள் பாவம், கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். பழைய காலத்து ராஜ்யம் ஒன்றைக் கட்டி ஆளுகிற விளையாட்டு, கோட்டை கட்டலாம், கல்யாணம் முடித்து வைக்கலாம், பிடிக்காதவனைச் சிறையில் போடலாம். ராஜ்யத்துக்கு நெடுவிளாகம் என்றே பெயர் வைத்து, அணிலை முத்திரையாக்கி, சிற்றரசர்களுக்கு ஊர்க்காரர்கள் பெயரையே போட்டாள். அரசருக்கு முகம் தேர்ந்தெடுக்கிற பக்கம் வந்த நேரத்தில் யாரோ ஆதார் அட்டையை நகல் எடுக்க வந்துவிட்டார்கள், பிறகு பார்க்கலாம் என்று தள்ளினாள், அதோடு மறந்தும் போனாள். அப்படியே முகமில்லாமல்தான் அவளுடைய அரசர் எட்டு மாதம் ஆண்டுகொண்டிருந்தார்.

போன வாரம் அந்த விளையாட்டு அவளிடம் சிற்றரசர்களைச் சுற்றிவர ஓர் உலாவைத் திட்டமிடச் சொன்னது. உலா எதற்கு, கொண்டாட்டமா, திறை வாங்கவா, அச்சுறுத்தவா என்று கேட்டது, அச்சுறுத்த என்றாள். யானை எத்தனை, சமையல்காரன் யார், வைத்தியன் வேண்டுமா, முன்னால் நடந்து கூவுகிற கட்டியக்காரன் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது, வைத்தியன் மட்டும் வேண்டாம் என்றாள். முதல் வீடாகத் தன் வீட்டையே வைத்துக்கொண்டாள், பெருமைதான், வேறென்ன. வழியைப் போடும்போது வலச்சுற்றாகப் போனால் நடுவே காடு குறுக்கிடுகிறது, நாள் கூடும், இடச்சுற்றாகப் போனால் பத்து நாள் மிச்சம் என்று காட்டியது, அவள் இடச்சுற்றையே அழுத்தினாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நெடுவிளாகத்தில் சாமி புறப்பட்டாலும், மாப்பிள்ளை அழைப்பு வந்தாலும், சைக்கிளில் தண்ணீர்க் கேன் போனாலும்கூட, கீழ ரத வீதியில் கிளம்பி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று வலமாகத்தான் சுற்றும். கிழக்கிலிருந்து வடக்கே ஏறி, மேற்கே திரும்பி, தெற்கு வீதிக் கோடியில் இறங்குகிற இடச்சுற்று, பிணத்துக்கு மட்டும் உள்ள வழி, ஏனென்றால் தெற்கு வீதிக் கோடியில்தான் சுடுகாட்டுப் பாதை தொடங்குகிறது. உலகம்மாளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டருக்கு வலம் என்ன இடம் என்ன என்று நினைத்துவிட்டாள்.

கடைசி வீடாக அவள் வைத்தது தெற்கு வீதியில் இருக்கும் கூடப்பிறந்த அண்ணன் பேச்சிமுத்துவின் வீட்டை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஊரில் அவருக்கு மாட்டேன் பேச்சிமுத்து என்றுதான் பெயர். சுவரில் கட்சிச் சின்னம் எழுதக் கேட்டால் மாட்டேன், கோயில் கமிட்டியில் சேரச் சொன்னால் மாட்டேன், ஓட்டுக்குக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளச் சொன்னால் மாட்டேன். உலகம்மாளின் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவருகிற அன்று, மேளம் முழங்க, தட்டுகளோடு பாதித் தெரு வந்தவரிடம், கவுன்சிலர் சப்பாணிமுத்து முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால் வாருங்கள் என்று யாரோ சொல்லப்போக, என் மருமகளுக்கு நான் சீர் கொண்டுபோகிறேன், எவன் முதுகையும் பார்த்து நடக்க மாட்டேன் என்று மேளத்தையும் தட்டையும் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கவுன்சிலரை அழைத்தது உலகம்மாள். மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு மாலை போட மாமன் இல்லாமல், எவரோ ஒரு தூரத்து உறவைக் கெஞ்சிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த மகள் இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள், ஆறு வருஷமாக அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை.

ஆகையால் விளையாட்டு, உலாவின் முடிவில் அடங்காத சிற்றரசனை அரசர் தம்மோடு அழைத்துச் செல்லட்டுமா என்று கேட்டபோது, அவள் டீயை உறிஞ்சிக்கொண்டே ஆம் என்று அழுத்தினாள். அழைத்துச் செல்லப்பட்டவர் திரும்புவதில்லை என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதையும் படித்தாள், படித்து, கொஞ்சம் சிரித்தாள்.

ஓலை வந்த அன்று கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த உலாவை அழிக்கப் பார்த்தாள். புறப்பட்ட உலாவை மாற்ற இயலாது என்று திரை சொன்னது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள், யானைகள் ஊர் எல்லைக்கு இன்னும் ஒரு விரற்கடை நெருங்கித் தெரிந்தன. கடை வாசலில் அதற்குள் பதினைந்து பேர் மனுவோடு நின்றார்கள், எங்கள் வீட்டையும் உலாவில் சேர்த்துவிடு உலகம்மா, என்ன ஆவணம் வேண்டுமோ தருகிறோம் என்று. விளையாட்டு அவளுடையது என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை, நெடுவிளாகத்தில் எதுதான் தெரியாமல் இருந்தது.

முதல் வீடு அவளுடையது அல்லவா, வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் வந்தார்கள். யானைகளுக்காக மினிபஸ்ஸைப் பின் தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள், குதிரைகளை மின்கம்பத்தில் கட்டினார்கள், வேல்காரர்கள் வரிசையாக நின்று பெட்டிக்கடையில் சர்பத் குடித்தார்கள், சாணமும் வியர்வையும் எண்ணெயும் கலந்த வாடை தெரு முழுக்க அடித்தது. நடுவில் செம்பட்டுத் திரை தொங்கும் பல்லக்கு. கட்டியக்காரன் வாசலில் நின்று, அரசர் உள்ளே வரலாமா என்று கேட்டான். ஒரு தரம் கேட்டான், இரண்டாம் தரம் கேட்டான், மூன்றாம் தரம் கேட்டான், உலகம்மாள் மூன்றுக்கும் வாருங்கள் என்று தலையாட்டினாள், அவ்வளவு பேர் பார்க்கும்போது வேறென்ன சொல்வாள். பல்லக்கைக் கூடத்தில் இறக்கினார்கள், திரைக்கு முன்னால் இலை போட்டார்கள். திரை விலகவே இல்லை, ஆனால் இலை காலியானது, இரண்டாம் தரம் பரிமாறியதும் காலியானது. வெற்றிலைத் தட்டோடு எல்லாரும் கிளம்பி, வடக்கே திரும்பிப் போனார்கள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் போன் செய்து, உன் காசுமாலையை எனக்குக் கொடுத்துவிடேன் என்றாள். பத்து வருஷமாக அவள் கேட்பதும் இவள் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பதும் வழக்கம். உலகம்மாள் வாயைத் திறந்தாள். மாட்டேன் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, முடியாது என்று பார்த்தாள், வேண்டாம் என்று பார்த்தாள், ஒன்றும் ஏறவில்லை. சரி மதினி என்று சொன்னது அவள் குரல்தான்.

அரசர் வந்துபோன ஒவ்வொரு வீட்டிலும் இதே கதை. அந்த நேரம் அந்த வீட்டுக் கூரைக்குக் கீழே நின்றவர்கள், விருந்தாளியோ, சமையலுக்கு வந்தவர்களோ, எல்லாருக்கும் மறுக்கிற சொல் அத்தனையும் போய்விட்டது. ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்கிறீர்கள்? கொண்டாடியது. சப்பாணிமுத்து ஒரே தெருவுக்கு ரோடு போடச் சொன்ன மனுவிலும் போடாதே என்ற மனுவிலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார், என்ன பணிவு பாருங்கள் என்று ஊர் மெச்சியது. நாலு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய வடக்கு வீதிப் பெண் ஐந்தாவதாக வந்தவனுக்குத் தலையாட்டினாள், தாய்க்காரிக்கு ஆனந்தக் கண்ணீர், பெண்ணின் கண்ணில் வந்தது எந்தக் கண்ணீர் என்று யாரும் பார்க்கவில்லை. சண்டை குறைந்தது, போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுத ஆளில்லை, ஊர் திருந்திவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

சேதி வெளியூருக்குப் போக எத்தனை நாள் ஆகும்? கேட்டால் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன என்று பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் பழைய சைக்கிள், பித்தளை அண்டா என்று கேட்டார்கள். பிறகு லாரியோடு வந்தார்கள். மேற்கு வீதியில் ஒருவர் தன் வீட்டு வேப்பமரத்தை வெட்டிக்கொண்டு போனவர்களுக்குத் தானே கயிறு பிடித்துக் கொடுத்தார். இன்னொருவர், உங்கள் முன்னறையில் நாங்கள் இருந்துகொள்கிறோமே என்றவர்களுக்குச் சரி என்று சொல்லிவிட்டு, தன் கட்டிலை எடுத்துக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இவ்வளவு ஆன பிறகும், ஓலை வராத வீட்டுக்காரர்கள் உலகம்மாளின் கடைக்கு வந்து, அடுத்த உலாவிலாவது எங்களைச் சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அவளும் சரி சரி என்றாள்.

பத்தாவது வீடு முடிந்த மறுநாள் காலை அவள் தெற்கு வீதிக்கு நடந்தாள். ஆறு வருஷத்தில் அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல் தரம். அண்ணன் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டுச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார், தலை பாதி நரைத்திருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, வந்த காரணத்தைக் கேட்காமல், ஏய் பாக்கியம், உலகு வந்திருக்கா, காப்பி போடு என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அண்ணன் மனைவி பாக்கியம் மதினிக்கு வடக்கு வீதிதான் பிறந்த வீடு, அங்கே அரசர் வந்த அன்று சமையலுக்குப் போயிருந்தவள், அவளும் இப்போது எதற்கும் தலையாட்டுகிறவளாகிவிட்டாள், காப்பியைக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள்.

உலகம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள், இடச்சுற்றைச் சொன்னாள், ஆம் என்று அழுத்தியதைச் சொன்னாள், சின்ன எழுத்தில் போட்டிருந்ததையும் சொன்னாள். சொல்லி முடித்துத் தரையைப் பார்த்தாள். பேச்சிமுத்து கம்பியைக் கீழே வைக்கவில்லை.

"வந்தா வரட்டும். நான் மாட்டேன்னு சொல்லுதேன், முடிஞ்சுபோச்சு. ஏன் தாயி, வாசல்ல நின்னு மூணு தரம் கேக்கான்லா? ஒருத்தனாவது மறுத்துருவானோங்கிற பயத்துலதான் கேக்கான். இல்லன்னா கேக்காமலே உள்ள வந்திருப்பான்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுத்த சிற்றரசர்களை அந்த விளையாட்டில் அவளே என்னவெல்லாம் செய்திருக்கிறாள், எந்தக் கோட்டையை எரித்தாள், எவன் தலையை வாசலில் வைத்தாள் என்பது அவளுக்கல்லவா தெரியும். அவளிடம் வேறொரு யோசனை இருந்தது. ஒரு தெருவில் பிணம் கிடந்தால் அதை எடுக்கும் வரை சாமிகூட அந்தத் தெருவுக்குள் வராது, சப்பரத்தை முக்கிலேயே நிறுத்திவிடுவார்கள். அரசர் மட்டும் தீட்டு வீட்டில் கை நனைப்பாரா? நீங்கள் செத்ததுபோலப் படுத்துக்கொள்ளுங்கள் அண்ணே, தெரு முக்கோடு அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்றாள். பேச்சிமுத்து கெட்ட கோபத்தில் எழுந்தார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து அவள் தலையைத் தொட்டார்.

"அன்னைக்கு உன் வாசலுக்கு வராமத் திரும்பிட்டேன். அந்தப் புள்ள மணையில மாமன் இல்லாம இருந்துச்சுன்னு நினைச்சா இன்னும் எனக்குச் சோறு இறங்காது. இந்த ஒரு தரம் நீ சொன்னபடி செய்யுதேன்."

உலா வரவேண்டிய நாள் காலையிலேயே வாசலில் பந்தல் போட்டார்கள், சங்கு ஊதினார்கள், மேளக்காரர்கள் வந்தார்கள். உலகம்மாள் எதிலும் அரைகுறை வேலை செய்கிறவள் இல்லை. அண்ணனைத் தெற்கே தலைவைத்துக் கிடத்தி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள், தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியை இறுக்கி உச்சியில் முடிச்சுப் போட்டாள், மூக்கில் பேருக்குப் பஞ்சை வைத்தாள், மேளச் சத்தத்தில் கண் திறந்துவிடக் கூடாதே என்று காதிலும் அடைத்தாள். அதற்கு முன்னால் காதோரமாகக் குனிந்து, அவர்கள் போனதும் நான் உங்கள் பாதத்தைத் தொடுகிறேன், அதுவரை கண்ணைத் திறக்காதீர்கள் என்று சொல்லியிருந்தாள். அவர் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். பொய்யாகத்தான் ஒப்பாரி வைக்க உட்கார்ந்தாள், பாதித் தெரு வந்த அண்ணன் திரும்பிப் போனானே என்று தொடங்கியதும் ஆறு வருஷமும் சேர்ந்து வந்தது, மெய்யாகவே அழுதாள்.

உச்சி வெயிலில் தெற்கு வீதி முக்கில் யானை மணி கேட்டது. நின்றது. ஊரே எட்டிப் பார்த்தது. பிறகு மணி மறுபடி ஒலித்தது, இந்தத் தரம் கிட்டத்தில். மேளக்காரர்கள் தாமாகவே எழுந்து, சாவு மேளத்தை அடித்துக்கொண்டு அந்த வரிசைக்கு முன்னால் நடந்தார்கள், அந்த வழியில் வருகிற ஊர்வலத்துக்கு முன்னால் எந்த மேளம் அடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? இடச்சுற்றாகக் கிளம்பிய உலா, பத்து வீடுகளைத் தாண்டி, தான் வந்து சேர வேண்டிய சாவு வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. வேல்காரர்கள் வழக்கப்படி வாய்க்கரிசி போட அரிசி கேட்டுக் கை நீட்டினார்கள்.

கட்டியக்காரன் பந்தலுக்குள் வந்து பேச்சிமுத்துவின் தலைமாட்டில் நின்று, அரசரோடு வரச் சம்மதமா என்று கேட்டான். காதில் பஞ்சு, தாடையில் கட்டு, அவர் அசையாமல் கிடந்தார். இரண்டாம் தரம் கேட்டான். உலகம்மாளுக்கு அப்போதுதான் அண்ணன் சொன்னது உறைத்தது, கட்டியக்காரனின் குரல் நடுங்கியது, நெற்றியில் வேர்த்திருந்தது, பல்லக்குத் திரையும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஓலை வந்த வீடுகளில் அந்த ஒரு சொல் மிஞ்சியிருந்த ஒரே வாயை அவள் தன் கையாலேயே கட்டிப்போட்டிருந்தாள். உச்சி முடிச்சை அவிழ்க்கப் பாய்ந்தாள், இறுக்கிப் போட்ட முடிச்சு, நகம் பிய்ந்ததே தவிர அவிழவில்லை. கட்டியக்காரன் அவள் பக்கம் திரும்பினான். கிடப்பவருக்காகப் பதில் சொல்ல ரத்த உறவு யார் என்று கேட்டுவிட்டு, மூன்றாம் தரம் அவளிடம் கேட்டான்.

வர மாட்டார் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"சரி" என்றாள்.

தூக்கிவிட்டார்கள். பாயோடு எடுத்துப் பல்லக்கில் வைத்தார்கள், உள்ளே வேறு யாரும் இல்லை, வெறும் பட்டு மெத்தை மட்டும் இருந்தது. நிறுத்த வேறு வழி தெரியாமல் அவள் ஓடிப்போய் அண்ணனின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதுதானே அடையாளம். பேச்சிமுத்து கண்ணைத் திறந்தார். தாடைக் கட்டைப் பிய்த்துத் தள்ளி, காதுப் பஞ்சை எடுத்து, எழுந்து உட்கார்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தங்கையைப் பார்த்துச் சிரித்தார்.

"போயிட்டாவளா தாயி?"

திரை விழுந்தது. பல்லக்கு சுடுகாட்டுப் பாதையில் இறங்கியதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து அந்தச் சொல் கேட்டது. மாட்டேன், மாட்டேன், மாட்டேன் என்று அது வெகுதூரம் வரைக்கும் கேட்டது, தெருவில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அரசர் வந்துபோன வீட்டுக்காரர்கள் அதைக் கூடவே சொல்லிப் பார்க்க உதட்டை அசைத்தார்கள். யாருக்கும் வரவில்லை.

இப்போது கடை பூட்டிக் கிடக்கிறது. உலா இனிதே முடிந்தது, எதிர்த்தவர் எவருமில்லை, அடுத்த உலாவைத் திட்டமிடலாமா என்று திரையில் நிற்பதாகவும், கீழே ஆம், வேண்டாம் என்று இரண்டு கட்டங்கள் இருப்பதாகவும், தன் விரல் எதற்குப் போகும் என்று தெரிந்ததால்தான் அவள் சாவியைத் தெப்பக்குளத்தில் எறிந்துவிட்டதாகவும் ஊரில் சொல்கிறார்கள். பூட்டை உடைத்துத் தருகிறோம் என்று ஓலை வராத வீட்டுக்காரர்கள் தினமும் வருகிறார்கள். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லிச் சமாளிக்கிறாள், எத்தனை நாளைக்கு அது நடக்கும் என்று அவளுக்கே தெரியாது.

தினமும் சாயங்காலம் பாக்கியம் தெற்கு வீதியிலிருந்து நடந்து வருகிறாள். நெற்றியில் குங்குமம் வைத்திருக்கிறாள். படியில் உட்கார்ந்து, ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்.

"உங்க அண்ணன் வருவாவளா மதினி?"

உலகம்மாள் அவள் முகத்தைப் பார்க்கிறாள். தொண்டையில் வந்து நிற்பதை விழுங்குகிறாள்.

"வருவாவ மதினி" என்கிறாள்.